உளவுக் கதைகளில் உங்கள் மனத்தை விட்டு அகலாத பெண் யார்?

நூலகவாசி

வணக்கம் நண்பர்களே. உளவுக் கதைகளில் வரும் பெண்கள் என்று பேச்செடுத்தாலே ஜேம்ஸ் பாண்ட் நாயகிகளின் பட்டியல்தான் முதலில் வந்து நிற்கிறது. அதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுப் பேச விரும்புகிறேன். கதை முடிவுகள் வெளிப்படும். படிக்காதவர்களும் பார்க்காதவர்களும் கவனித்து உள்ளே வாருங்கள்.

என் தேர்வு கானி ஸாக்ஸ். ஜான் லெ காரே 1974இல் எழுதிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நாவலில் அவருக்குக் கிடைக்கும் பக்கங்கள் மிகக் குறைவு. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வீடு, மூட்டு வலி, ஓயாத மது, பேச்சுத் துணைக்கு ஒரு நாய். பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள் ஒளிந்திருக்கும் துரோகியைத் தேடும் அதிகாரி ஸ்மைலி அந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கேட்கிறார், கானி பேசுகிறார். அவ்வளவுதான் காட்சி. ஆனால் அந்த நாவலில் யாரை மறந்தாலும் என்னால் கானியை மறக்க முடியவில்லை.

அவர் துப்பாக்கி தூக்கியதில்லை, வேஷம் போட்டு எல்லை தாண்டியதில்லை. அதே துறையின் சோவியத் ஆய்வுப் பிரிவில் உட்கார்ந்து கோப்புகளைப் படித்தவர். எந்தத் தூதரகத்துக்கு யார் எந்த ஆண்டில் வந்தார், அதற்கு முன் எங்கே இருந்தார், யாரோடு சேர்ந்து படித்தார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. லண்டனுக்குக் கலாச்சார அதிகாரியாக வந்த பாலியாகோவ் உண்மையில் ராணுவத்தில் பயின்ற உளவாளி என்று கண்டுபிடித்து மேலிடத்தில் சொல்கிறார். அவர்கள் கேட்கவில்லை; வேலையை விட்டே அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் துரோகியிடம் போய்ச் சேரும் நூலின் நுனி அவர் கையில் இருந்தது. அதனால்தான் அந்தக் கையை வெட்டினார்கள்.

இந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி மிலிசென்ட் பேகட் என்று பரவலாகச் சொல்கிறார்கள். பிரிட்டனின் எம்.ஐ.5 அமைப்பில் கம்யூனிஸ்ட் இயக்கங்களைப் பற்றிய நடமாடும் களஞ்சியமாக இருந்தவர். சோவியத்துக்கு உளவு பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி கிம் ஃபில்பியைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்தவர்களில் ஒருவர். நிஜத்திலும் இப்படி ஒருவர் இருந்தார் என்று தெரிந்தபின் எனக்குக் கானி இன்னும் நெருக்கமாகிவிட்டார்.

1979 பிபிசி தொடரில் பெரில் ரீட் நடித்ததைப் பாருங்கள். சிரித்துக்கொண்டே பேசுகிறவர் எந்த இடத்தில் அழத் தொடங்குகிறார் என்று கணிக்கவே முடியாது. 2011 படத்தில் கேத்தி பர்க் நன்றாகவே செய்திருக்கிறார், ஆனால் அவருக்கு நேரம் போதவில்லை.

உங்கள் தேர்வுகளைச் சொல்லுங்கள். பெயர் மட்டும் போதாது, ஏன் என்றும் எழுதுங்கள்.

செம்பருத்தி

நல்ல இழை. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது.

கானி அருமையான பாத்திரம், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய அறிவு ஸ்மைலி வந்து கேட்கும்வரை அந்த வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறது. ஆண் வந்து கதவைத் தட்டினால்தான் அது கதைக்குள் நுழைகிறது. உளவுக் கதைகள் பெண்ணுக்குத் தந்த இரண்டு பழைய இடங்களில் இது ஒன்று: அறையில் உட்கார்ந்து ஞாபகம் வைத்துக்கொள்பவள். மற்றொன்று, படுக்கைக்கு அனுப்பப்படுபவள். அதே லெ காரேயின் 1963 நாவல் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்'இல் லிஸ் கோல்டுக்கு என்ன நடக்கிறது? நூலகத்தில் வேலை பார்க்கும், கட்சியை மனதார நம்பும் ஒரு பெண். தான் காதலித்த பிரிட்டிஷ் உளவாளி லீமஸுக்கு உதவுவதாக நினைத்துக் கொடுக்கும் சாட்சியே அவரைக் கவிழ்க்கிறது. எல்லாம் லண்டன் போட்ட கணக்கு. கடைசியில் பெர்லின் சுவரில் சுடப்பட்டு விழுகிறாள். தன்னை என்ன செய்தார்கள் என்று அவளுக்குப் புரிவது உயிர் போவதற்குச் சற்று முன்புதான்.

எனக்கு நினைவில் நிற்பது, தனக்கு எழுதித் தந்த வேடத்தைப் பாதியில் உடைத்துக்கொண்டு வெளியே வருகிற பெண். அப்படிப் பார்த்தால் வோங் சியா-சி.

ஐலீன் சாங் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி வெளியிட்ட சிறு கதை. ஆங் லீ 2007இல் 'லஸ்ட், காஷன்' என்று படமாக்கினார், வெனிஸில் தங்கச் சிங்கம் பெற்றது. சீனாவில் ஜப்பான் ஆக்கிரமிப்புக் காலம். ஹாங்காங்கில் நாடகம் போடும் கல்லூரி மாணவர்கள் சிலர், தேசபக்தி மேடையில் மட்டும் போதாது என்று ஜப்பானியர்களோடு கைகோத்த யீ என்ற அதிகாரியைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். குழுவின் நடிகை வோங். ஒரு வியாபாரியின் மனைவியாக நடித்து யீயை நெருங்க வேண்டும். அவளுக்கு ஆணுடன் பழக்கம் இல்லை என்பதால், அதற்கும் ஒத்திகை பார்க்கிறது அந்தக் குழு. இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் எழுந்து போய்விட்டேன். எதிரி இன்னும் அவளைத் தொடவே இல்லை. அதற்குள் சொந்தத் தோழர்கள் அவளை என்னவாக்கிவிட்டார்கள் பாருங்கள். அதற்குப் பிறகு அவர்கள் அவள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை.

பிறகு ஷாங்காய், 1942. இப்போது முறையான எதிர்ப்பு இயக்கம் அவளை இயக்குகிறது. நகைக்கடையில் யீ அவளுக்கு மோதிரம் வாங்கித் தருகிறான்; வெளியே துப்பாக்கிகள் காத்திருக்கின்றன. அந்த நொடியில் அவள் அவனிடம் போய்விடச் சொல்கிறாள். அவன் தப்பிக்கிறான். அன்றே அவளும் தோழர்களும் பிடிபடுகிறார்கள். மரண உத்தரவில் கையெழுத்துப் போடுவது அவன்தான்.

அவள் ஏன் அப்படிச் செய்தாள்? காதலா, களைப்பா, இத்தனை பேர் கையிலும் கருவியாக இருந்த ஒருத்தி முதல்முறையாகத் தானாக எடுத்த முடிவா? கதையும் படமும் பதிலை நம்மிடம் விட்டுவிடுகின்றன. பேரழிவான முடிவுதான், ஐந்தாறு உயிர்கள் போகின்றன. ஆனால் அது அவளுடைய முடிவு.

பழைய காமிக்ஸ் பெட்டி

இரண்டு பேரும் சோகத்தில் இறங்கிவிட்டீர்கள். யாரும் அனுப்பாமல் தன் விருப்பத்தில் களம் இறங்குகிற ஒருவரை நினைவூட்டுகிறேன்: மாடஸ்டி பிளைஸி.

தமிழ் வாசகர்களுக்கு இவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் 1984இல் தொடங்கியபோது முதல் இதழே மாடஸ்டியின் கதைதான். ஒரு பெண்ணை நாயகியாக வைத்துத் தமிழில் ஒரு காமிக்ஸ் இதழைத் தொடங்கினார்கள் என்பதை இன்று நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது. இளவரசி என்றுதான் எங்களுக்கு அவர் பழக்கம்.

பீட்டர் ஓ'டானல் எழுத, ஜிம் ஹோல்ட்அவே வரைய, 1963இல் லண்டன் நாளிதழில் தொடங்கிய சித்திரத் தொடர். 2001 வரை வந்தது. ஓ'டானல் இரண்டாம் உலகப் போரில் பாரசீகத்தின் வடக்கே பணியாற்றியபோது தன்னந்தனியாக நடந்து வந்த ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்திருக்கிறார். அந்தப் பிள்ளையின் நிமிர்ந்த நடை மனத்தில் தங்கி இருபது ஆண்டுகள் கழித்து மாடஸ்டியாக வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பெயர் தெரியாத போர் அநாதை, அகதி முகாம்கள், பிறகு டான்ஜியரில் சொந்தமாக ஒரு குற்றக் குழு, அதிலிருந்து விலகிச் செல்வத்தோடு ஓய்வு. அதற்குப் பிறகுதான் பிரிட்டிஷ் உளவுத்துறையின் டாரண்ட் அவரிடம் வந்து உதவி கேட்கிறார். உத்தரவு போடவில்லை, கேட்கிறார். செம்பருத்தி அக்கா கவனிக்க வேண்டிய இடம் இது.

வில்லி கார்வின் உறவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்தி வீசுவதில் நிகரில்லாதவன், அவளுக்காக உயிரைத் தருவான். இத்தனை ஆண்டுக் கதையில் அவர்களை ஆசிரியர் ஒருமுறைகூடக் காதலர்களாக்கவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை செய்வதற்கு மரியாதை ஒன்று போதும் என்று பள்ளி வயதில் எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்தான்.

வைகைக்கரை

செம்பருத்தி, உங்கள் இரண்டு இடங்கள் என்ற பிரிவு கூர்மையானது. ஆனால் படுக்கைக்கு அனுப்பப்பட்டவள் என்ற ஒரே வரியில் அடங்காத ஒருத்தியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஹிட்ச்காக்கின் 'நொடோரியஸ்', 1946. இங்கிரிட் பெர்க்மன் நடித்த அலிஷியா.

தந்தை நாஜி உளவாளி என்று மயாமி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர். மகள் அவமானத்தைக் குடித்துக் கரைத்துக்கொண்டிருக்கிறாள். அமெரிக்க உளவுத்துறையின் டெவ்லின் வந்து ரியோவுக்கு அழைத்துப் போகிறான். வேலை என்னவென்று இருவருக்குமே இன்னும் தெரியாது; அதற்குள் காதல். பிறகுதான் மேலிடம் சொல்கிறது: அப்பாவின் பழைய நண்பன் செபாஸ்டியன் வீட்டுக்குள் அவள் நுழைய வேண்டும், அவன் ஒருகாலத்தில் அவளை விரும்பியவன்.

அந்தப் படத்தின் உயிர் அடுத்து வரும் மொட்டைமாடிக் காட்சியில் இருக்கிறது. அவள் கோழி சமைத்து வைத்துக் காத்திருக்கிறாள். அவன் வந்து வேலையைச் சொல்கிறான். அவன் எதிர்த்துப் பேசியிருப்பான் என்று அவள் எதிர்பார்க்கிறாள். அவளே மறுக்கட்டும் என்று அவன் வாய் திறக்காமல் நிற்கிறான். மேலதிகாரிகளிடம் அவளுக்காக வாதாடிவிட்டுத்தான் வந்திருக்கிறான், ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. ஒருவர் மற்றவரைச் சோதிக்கிறார்கள், அந்தச் சோதனையில் அவள் வாழ்க்கை பணயமாகிறது. பெர்க்மன் அந்தக் காட்சியில் குரலை உயர்த்துவதே இல்லை. எப்போது தொடங்க வேண்டும் என்று கேட்கிற அளவுக்கு முகம் இறுகிவிடுகிறது.

அதற்குப் பின் அவள் செய்வதெல்லாம் ஒரு தேர்ந்த உளவாளியின் வேலை. கணவனின் சாவிக்கொத்திலிருந்து மது நிலவறைச் சாவியை எடுப்பது, விருந்தின் நடுவே அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விருந்தினர்களிடம் சிரிப்பது. கேமரா மாடி உயரத்திலிருந்து அந்தச் சாவிவரை இறங்கி வருகிறது. அந்தக் கூடத்தில் அத்தனை ஆண்கள் இருக்கிறார்கள்; ஆபத்து முழுவதும் ஒரு பெண்ணின் மூடிய கைக்குள் இருக்கிறது. காபியில் நஞ்சு கலந்து மெல்ல மெல்ல அவளைக் கொல்லப் பார்ப்பவர்களில் மாமியார் முதலிடம். அந்த மாமியாரும் மறக்க முடியாதவர்: மகன் ஏமாந்துபோனதைச் சொன்னதும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிறாரே, அந்த நிதானம்!

படத்தின் குறை என்று சொன்னால், முடிவில் டெவ்லின் வந்து அவளைத் தாங்கிப் படியிறங்க வேண்டியிருக்கிறது. 1946 ஹாலிவுட் அதற்குமேல் போகாது. ஆனால் அந்தப் படியில் இறங்குவது ஒரு குற்றவாளி ஆணின் மன்னிப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கருங்குயில்

அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றிப் பேசுகிறோம். ஏமாற்றப்பட்ட பெண்களைப் பற்றி யார் பேசுவது?

'தி அமெரிக்கன்ஸ்' தொடரில் (2013–2018) எல்லோரும் அமெரிக்கப் பெண்ணாக வாழும் சோவியத் உளவாளி எலிசபெத்தைக் கொண்டாடுவார்கள், அவர் தகுதியானவர்தான். நான் மார்த்தா ஹான்சனைப் பற்றி எழுத வந்தேன். எஃப்.பி.ஐ. எதிர்உளவுப் பிரிவு மேலதிகாரியின் செயலாளர். தனியாக வாழ்பவர், அலுவலகத்தில் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காதவர். கிளார்க் என்ற பெயரில் வரும் சோவியத் உளவாளி அவரைக் காதலித்து, உண்மையாகவே கல்யாணமும் செய்துகொள்கிறான். பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி அவன் கொடுத்த ஒலிவாங்கியை மார்த்தா தன் மேலதிகாரியின் அறையில் வைக்கிறார்.

இது எழுத்தாளர்களின் கற்பனை மட்டும் அல்ல. கிழக்கு ஜெர்மனியின் அயல்நாட்டு உளவுத் தலைவர் மார்க்குஸ் வோல்ஃப், மேற்கு ஜெர்மனியின் தலைநகராயிருந்த பான் நகர அமைச்சகச் செயலாளர்களைக் குறிவைத்து ஆண்களை அனுப்பியதை ஒரு முறையாகவே வைத்திருந்தார். அந்தப் பெண்களில் பலர் பின்னால் நீதிமன்றத்தில் நின்றார்கள். செய்தித்தாள்கள் அவர்களைக் காதலுக்கு ஏங்கிய முட்டாள்களாக எழுதின.

இந்தத் தொடர் அப்படி எழுதவில்லை. மார்த்தாவைக் கேலிப் பொருளாக வைத்திருக்கலாம், அவ்வளவு எளிது அது. அலிசன் ரைட் அதை நடக்க விடவில்லை. உண்மை தெரிந்தபின் மார்த்தா அழுது புலம்பிக் காலில் விழவில்லை. விமானத்தில் ஏற்றி மாஸ்கோவுக்கு அனுப்பும் இரவில் ஒரு ராணியைப் போல நடந்து போகிறார். பிறகு ஒரு பகுதியில், மொழி தெரியாத ஊரில், காலியான கடை அலமாரிகளுக்கு இடையே காய்கறி பொறுக்கிக்கொண்டிருப்பதைக் காட்டுகிறார்கள். உளவுக் கதைகளில் பலியானவர்கள் பொதுவாகச் செத்துவிடுவார்கள். மார்த்தா உயிரோடு இருந்து காய்கறி வாங்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது அதிகமாக வலித்தது.

இளவேனில்

சுருக்கமாக ஒன்று. டோரதி கில்மன் எழுதிய மிஸஸ் பாலிஃபாக்ஸ் யாருக்காவது நினைவிருக்கிறதா? 1966இல் வந்த முதல் நாவல். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், கணவர் இல்லை, தோட்ட வேலையும் தொண்டு வேலையும் அலுத்துவிட்டன. நேராக சி.ஐ.ஏ. அலுவலகத்துக்குப் போய் வேலை கேட்கிறார். மெக்சிகோவுக்கு ஒரு சின்ன வேலையாகப் போனவர் அல்பேனியச் சிறையில் போய் முடிகிறார். அங்கே பயமில்லாமல் எல்லோரிடமும் அன்பாகப் பழகுவதே அவருடைய ஆயுதம். என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், இப்போது மற்றவற்றையும் கேட்கிறார்.

இன்னொன்று: ஜூடி டென்ச் 1995இல் பாண்டின் மேலதிகாரி எம் ஆக வந்தபோது அது வெறும் புதுமை அல்ல. 1992இல் ஸ்டெல்லா ரிமிங்டன் எம்.ஐ.5 தலைவராகியிருந்தார், அந்தப் பதவியில் முதல் பெண். அவருடைய உளவு வாழ்க்கை 1960களில் டெல்லியில், கணவரோடு வந்த இடத்தில், பிரிட்டிஷ் தூதரகத்தில் தட்டச்சு வேலையாகத் தொடங்கியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

தெற்குக்காற்று

கற்பனையைப் பற்றிய இழையில் நிஜத்தைக் கொண்டுவருவதற்கு மன்னிக்கவும், ஆனால் இரண்டும் பிரியவில்லை.

மயக்கும் பெண் உளவாளி என்ற வார்ப்பு மாதா ஹரியிடமிருந்து வந்தது. நெதர்லாந்தில் பிறந்த மார்கரெத்தா ஸெல்ல. இந்தியக் கோயில் நடனம் என்று சொல்லிப் பாரிஸில் ஆடியவர். 1917 அக்டோபர் 15 அன்று பிரெஞ்சு ராணுவம் அவரைச் சுட்டுக் கொன்றது. அவர் பெரிய ரகசியம் எதையும் எதிரிக்குக் கொடுத்ததற்கு உறுதியான சான்று இல்லை என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. போரில் தோற்றுக்கொண்டிருந்த படைக்குப் பழிசுமத்த ஆள் தேவைப்பட்டது. 1931இல் கிரேட்டா கார்போ அவராக நடித்தார், அதே ஆண்டில் மார்லின் டீட்ரிஷ் அதே சாயலில் இன்னொரு படத்தில் நடித்தார். அதற்குப் பிறகு நூறு படங்களில் அந்த நிழல்.

இப்போது நூர் இனாயத் கானை எடுத்துக்கொள்ளுங்கள். திப்பு சுல்தான் வழியில் வந்தவர், சூஃபி குருவின் மகள், குழந்தைகளுக்காக ஜாதகக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதியவர். 1943 ஜூனில் பிரிட்டனுக்காக வானொலியில் ரகசியச் செய்தி அனுப்ப, ஜெர்மனி ஆக்கிரமித்த பிரான்ஸில் இறங்கினார். சில நாட்களிலேயே அவருடைய வலையமைப்பு சிதைந்தது. திரும்பி வரச் சொன்னார்கள். மறுத்துவிட்டு வீடு மாற்றி வீடு மாற்றிச் செய்தி அனுப்பினார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டார். 1944 செப்டம்பரில் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். அவர் எப்படி இறந்தார் என்பதுகூட உடனே தெரியவில்லை. லண்டனிலிருந்து அவரை வழியனுப்பிய வேரா அட்கின்ஸ், போர் முடிந்தபின் ஜெர்மனிக்குப் போய்ச் சிறைக் காவலர்களையும் முகாம் அதிகாரிகளையும் விசாரித்து, திரும்பாத தன் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது என்று தேடினார்.

நூலகவாசி ஐயா சொன்ன கானியை நான் வேராவின் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். அமைப்பு மறக்க விரும்புகிறது. ஒரு பெண் மறக்க மறுக்கிறார். இதை அறைக்குள் முடங்கியது என்று எப்படிச் சொல்வது, செம்பருத்தி?

செம்பருத்தி

வேரா அட்கின்ஸைச் சொல்லி என்னை மடக்கப் பார்க்கிறீர்கள்! அவர் எழுந்து ஜெர்மனிக்குப் போனார். கானியை எழுந்து போக லெ காரே விடவில்லை. என் குறை அந்த எழுத்தாளர்மேல்தான்.

அவரே எழுந்து போக விட்ட பெண்ணும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'ஸ்மைலிஸ் பீப்பிள்' (1979) நாவலின் தொடக்கத்தில் வரும் ஓஸ்ட்ராகோவா. பாரிஸில் வேலை செய்து பிழைக்கும் நடுவயது ரஷ்ய அகதி. ரஷ்யாவில் விட்டுவந்த மகள் வருவாள் என்று ஒருவன் வந்து ஆசை காட்டுகிறான். ஏதோ சரியில்லை என்று அவள் மூக்குக்குப் படுகிறது; பழைய ஜெனரல் ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறாள். ஸ்மைலியின் எதிரியான சோவியத் உளவுத் தலைவன் கார்லாவின் வீழ்ச்சி அந்தக் கடிதத்தில் தொடங்குகிறது. வண்டியின் முன் தள்ளிக் கொல்லப் பார்க்கிறார்கள், பிழைத்துக்கொள்கிறாள். எந்தப் பயிற்சியும் இல்லாத பெண். லெ காரேயிடம் எனக்குப் பிடித்த பெண் இவள்.

இந்தியப் படங்களில் 'ராஸி' (2018) பற்றியும் ஒரு வரி. ஸெஹ்மத் 1971 போருக்கு முன் பாகிஸ்தான் ராணுவக் குடும்பத்துக்கு மருமகளாக அனுப்பப்படுகிறாள். மெக்னா குல்சார் அந்த வீட்டாரை அரக்கர்களாகக் காட்டவில்லை. அதனால்தான் அவள் செய்யும் கொலைகள் நமக்கும் சுமையாகின்றன. வென்று திரும்பியவள் அதைக் கொண்டாடவில்லை என்பதில் அந்தப் படத்தின் நேர்மை இருக்கிறது.

நூலகவாசி

ஓஸ்ட்ராகோவாவைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் அதே நாவலில் கானி மீண்டும் வருகிறாரே, அதை விட்டுவிட்டீர்கள். சாவு நெருங்கிவிட்டது. கூட வாழும் ஹிலரி, ஸ்மைலியை வாசலிலேயே திருப்பி அனுப்பப் பார்க்கிறாள், இவளை இன்னும் எத்தனை முறை பிழிவீர்கள் என்ற கோபத்தோடு. கானி அவளைத் தாண்டிப் பேசத் தீர்மானிக்கிறார். கார்லாவுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்ற சரித்திரம் அவர் வாயிலிருந்துதான் வருகிறது. அந்த மகள் மனநலம் குன்றி ஸ்விட்சர்லாந்தில் மறைத்துவைக்கப்பட்ட பெண்; அவளை வைத்துத்தான் ஸ்மைலி கார்லாவை வளைக்கிறார். வெற்றியின் அசிங்கம் முழுவதும் கானிக்கும் தெரிந்திருக்கும், ஸ்மைலியைப் போலவே. பேசுவது என்று அவர் எடுத்த முடிவையும் நீங்கள் வோங்கின் முடிவோடு எடை போட வேண்டும்.

வைகைக்கரை

நம் பேச்சு முழுவதும் மேற்கு, சீனா, இந்தியா என்றே போகிறது. 1973 சோவியத் தொடர் 'வசந்தத்தின் பதினேழு கணங்கள்' பாருங்கள். இயக்கியவர் தத்யானா லியோஸ்னோவா என்ற பெண். பெர்லினில் ஜெர்மானியப் பெண்ணாக வாழ்ந்துகொண்டு சோவியத்துக்கு வானொலியில் ரகசியச் செய்தி அனுப்பும் கேட் கர்ப்பிணி. பிரசவ வலியில் தன்னை மறந்து ரஷ்ய மொழியில் கத்திவிடுகிறாள், அங்கிருந்து மாட்டிக்கொள்கிறாள். எத்தனை ஆண் உளவாளிகளின் வேஷம் கலைந்ததைப் படித்திருக்கிறோம், இப்படி ஒன்றைப் படித்தோமா? பெண்ணின் உடலை மயக்கும் பொறியாகவே பார்த்துப் பழகிய ஒரு கதைவகையில் இது எவ்வளவு பெரிய மாற்றம்!

கருங்குயில்

உடனே தேடிப் பார்க்கிறேன், ஐயா.

எலிசபெத்தைத் தள்ளிவிட்டேன் என்று தனிமடலில் இருவர் கோபித்துக்கொண்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். ஆறு ஆண்டுகள் அவர் ஒரு உத்தரவையும் மறுத்ததில்லை. தேசம் சொன்னது, கொன்றார். கடைசிப் பருவம் 1987இன் ரீகன்–கோர்பச்சேவ் பேச்சுவார்த்தைக் காலம். சொந்த அமைப்பில் ஒரு பிரிவு கோர்பச்சேவைக் கவிழ்க்க அவரைப் பொய் சொல்லிப் பயன்படுத்துகிறது; பேச்சுவார்த்தைக்கு வந்த தூதரைக் கொல்லச் சொல்கிறது. அவர் அதே தூதரின் பேச்சை முன்பு ஒளிந்து கேட்டவர். அந்த மனிதர் துரோகி அல்ல என்று தன் காதால் தெரிந்துகொண்டவர். கொல்ல மறுக்கிறார். அதற்காக அனுப்பப்பட்ட தன் பக்கத்து ஆளையே சுட்டு வீழ்த்துகிறார்.

செம்பருத்தி சொல்கிற முடிவு இதில் இருக்கிறது, நூலகவாசி சொல்கிற அறிவும் இருக்கிறது. தான் கேட்டதை நம்பித்தான் அவர் உத்தரவை உடைக்கிறார். கெரி ரசல் அந்தப் பருவம் முழுவதும் தூக்கமில்லாத கண்களோடு, சிகரெட்டை விடாமல் நடிக்கிறார். முதல் பருவத்தை மெதுவாக இருக்கிறது என்று நிறுத்தியவர்கள் தயவுசெய்து மறுபடி தொடங்குங்கள். மார்த்தாவுக்காகவாவது நான்காம் பருவம்வரை பாருங்கள். அங்கே வந்தவர்கள் மீதியை விடமாட்டார்கள்.